மதுரையைச் சுற்றி டவுன் பஸ்ஸில் போய் நடக்கக்கூடிய 5 எளிய பாதைகள்: அரிட்டாபட்டிக்குப் பிறகு இவை ஏன் முக்கியமாகின்றன?

மதுரைக்கு வருகிறவர்கள் பொதுவாக என்ன செய்வார்கள்? மீனாட்சியம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால், ஒரு ஜிகர்தண்டா. அதோடு ஊர் முடிந்தது என்று ரயில் ஏறிவிடுவார்கள். ஆனால் பெரியார் பேருந்து நிலையத்திலோ மாட்டுத்தாவணியிலோ ஒரு டவுன் பஸ் பிடித்தால், அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் 1,000 முதல் 2,000 ஆண்டுப் பழமையான கல்வெட்டுகள், சமணச் சிற்பங்கள், குடைவரைக் கோயில்கள் இருக்கும் மலைகளின் அடிவாரத்துக்குப் போய்விடலாம். மலையேற்றப் பயிற்சி வேண்டாம், கார் வேண்டாம். ஒரு தண்ணீர் பாட்டிலும் அதிகாலையில் எழும் மனசும் இருந்தால் போதும்.

இதை வெறும் சுற்றுலாத் தகவலாக மட்டும் பார்க்க முடியாது. 2024 நவம்பரில் தொடங்கி 2025 ஜனவரி வரை நடந்த அரிட்டாபட்டி டங்ஸ்டன் விவகாரம், ஒரு மலையை எத்தனை பேருக்குத் தெரியும் என்பதும் அதன் எதிர்காலத்தைப் பாதிக்கும் என்று காட்டிவிட்டது. பஸ்ஸில் போய் நடக்கிற சாதாரண மக்களுக்கும் மலைகளின் பாதுகாப்புக்கும் என்ன தொடர்பு? எங்கெல்லாம் எளிதாக நடக்கலாம்? எங்கே சிக்கல்? விரிவாகப் பார்க்கலாம்.

அரிட்டாபட்டியில் என்ன நடந்தது?

மதுரை மாவட்டம் மேலூர் அருகே உள்ளது அரிட்டாபட்டி. மதுரையில் இருந்து சுமார் 25 கி.மீ. இந்த ஊரையும் பக்கத்து மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193.215 ஹெக்டேர் பரப்பை, 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக மாநில அரசு அறிவித்தது. 7 குன்றுகள், 72 ஏரிகள், 200 இயற்கை நீரூற்றுகள், 250 பறவை இனங்கள் என்று அரசின் அறிவிப்பு பட்டியல் போட்டது. லகுடு வல்லூறு, எறும்புத்தின்னி, தேவாங்கு, மலைப்பாம்பு எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு.

இரண்டே ஆண்டுகளில் நிலைமை மாறியது. 2024 நவம்பர் 7 அன்று, 'நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி' என்ற பெயரில் சுமார் 2,015 ஹெக்டேர் பரப்புக்கான சுரங்க ஏலத்தில் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் தேர்வானதாக மத்திய அரசு அறிவித்தது. அந்தப் பரப்புக்குள்தான் இந்தப் பல்லுயிர் தலமும் இருந்தது. டங்ஸ்டன் போன்ற முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரம், 2023-ல் கொண்டுவரப்பட்ட சட்டத் திருத்தத்துக்குப் பிறகு மத்திய அரசின் கையில் இருக்கிறது.

அதன் பிறகு நடந்தவை வேகமானவை. கிராம சபைகள் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9 அன்று தமிழ்நாடு சட்டப்பேரவை ஏலத்தை ரத்து செய்யக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. டிசம்பர் 24 அன்று, பல்லுயிர் தலப் பகுதியை மட்டும் விட்டுவிட்டு எல்லையை மாற்றலாமா என்று ஆராயும்படி இந்தியப் புவியியல் ஆய்வு மையத்தை மத்திய அரசு கேட்டது. 'பாதி வேண்டாம், முழுசா ரத்து பண்ணுங்க' என்பதுதான் ஊர் மக்களின் பதில். 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியில் இருந்து மதுரை தல்லாகுளம் தலைமைத் தபால் நிலையம் நோக்கி ஆயிரக்கணக்கானோர் நடந்தும் வாகனங்களிலும் பேரணியாக வந்தார்கள். ஜனவரி 23 அன்று ஏலத்தை ரத்து செய்வதாக மத்திய அரசு அறிவித்தது.

நடைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

மலையைக் காப்பாற்றியது முதலில் அந்தக் கிராமங்கள். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் குரல் மதுரைக்கும் சென்னைக்கும் டெல்லிக்கும் போய்ச் சேர்ந்தபோது, 'அரிட்டாபட்டியா? அங்கே நான் போயிருக்கேனே' என்று சொல்ல வெளியூர்க்காரர்களும் இருந்தார்கள். பறவை பார்க்கப் போனவர்கள், கல்வெட்டு பார்க்கப் போனவர்கள், கல்லூரியில் இருந்து அழைத்துச் செல்லப்பட்ட மாணவர்கள் எனப் பலர் அந்த மலையைக் கண்ணால் பார்த்தவர்கள்.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. 2010-ஐ ஒட்டி, மதுரையின் அடையாளமான யானைமலையைக் குடைந்து சிற்ப நகரம் அமைக்கும் யோசனை எழுந்தது. நரசிங்கம் உள்ளிட்ட ஊர்களின் மக்கள் எதிர்த்தார்கள். யோசனை கைவிடப்பட்டது. அந்தக் காலகட்டத்தில்தான் எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் ஒருங்கிணைப்பில் 'பசுமை நடை' தொடங்கியது. விடுமுறை நாள் காலையில் ஒரு மலை, கூடவே ஒரு தொல்லியல் அறிஞரின் விளக்கம். குழந்தைகளும் பெரியவர்களும் குடும்பத்தோடு வந்தார்கள். மதுரைக்காரர்கள் தங்கள் ஊர் மலைகளைப் பார்த்த விதமே அதன் பிறகு மாறியது.

எதிர்ப்பக்கக் கதையும் இருக்கிறது. மேலூர் வட்டாரத்தின் கிரானைட் குவாரிகள் பல ஆண்டுகள் பொதுமக்கள் கண்ணுக்கு எட்டாத இடங்களில் இயங்கின. 2012-ல் அப்போதைய ஆட்சியர் உ. சகாயம் அரசுக்கு அனுப்பிய கடிதத்தில், சட்டவிரோதக் குவாரிகளால் 16,000 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று குறிப்பிட்ட பிறகுதான் விஷயம் நாடு முழுவதும் வெடித்தது. கீழவளவு போன்ற ஊர்களில், சமணப் படுக்கைகள் உள்ள பாறைக்குப் பக்கத்திலேயே பெரும் குழிகள் விழுந்திருந்தன. ஆள் நடமாட்டம் இல்லாத மலையில் கல் குறைந்தால் யார் கணக்கு வைப்பது? பாரம்பரிய நடை என்பதன் அரசியல் இங்கேதான் தொடங்குகிறது.

சரி, எங்கெல்லாம் நடக்கலாம்?

கீழே உள்ள 5 பாதைகளும் எளிமையில் இருந்து கொஞ்சம் கடினமானதை நோக்கி வரிசைப்படுத்தப்பட்டவை. எல்லாவற்றுக்கும் பொதுப் போக்குவரத்தில் போக முடியும். பேருந்து எண்ணும் நேரமும் அடிக்கடி மாறுவதால், புறப்படும் முன் நிலையத்தின் நேரக் காப்பாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. போகிற பஸ்ஸை விட, திரும்பி வருகிற பஸ்ஸைக் கேட்பதுதான் முக்கியம்.

பாதை 1: ரயில் நிலையம் முதல் நாயக்கர் மகால் வரை

எங்கே ஏறுவது: மதுரை ரயில் நிலையம் அல்லது பெரியார் பேருந்து நிலையம்.
தூரம்: சுமார் 4 கி.மீ. முழுவதும் சமதளம்.
நேரம்: நின்று பார்த்தால் 3 மணி நேரம்.

மதுரையின் தெருக்களே ஒரு வரைபடம். கோயிலுக்குள் ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, அதற்கடுத்து ஆவணி மூல வீதி, பிறகு மாசி வீதி, கடைசியாக வெளி வீதி. தமிழ் மாதங்களின் பெயரில் ஒன்றை ஒன்று சுற்றி நிற்கும் சதுரங்கள். ரயில் நிலையத்தில் இருந்து கோயில் வரை நடப்பவர்கள் இந்தச் சதுரங்களை ஒவ்வொன்றாகக் கடந்துதான் போகிறார்கள்.

வெளி வீதி இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. 1840-களில் ஆட்சியராக இருந்த பிளாக்பர்ன் காலத்தில் சுவர் இடிக்கப்பட்டு, அகழி மூடப்பட்டு, ஊர் விரிந்தது. அந்த வேலையில் பங்கெடுத்தவர்களின் பெயர் மாரட் வீதியிலும் பெருமாள் மேஸ்திரி வீதியிலும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிளாக்பர்ன் நினைவாக நடப்பட்ட விளக்குத்தூண், இன்று பேருந்து நிறுத்தத்தின் பெயராகிவிட்டது.

கோயிலில் இருந்து தென்கிழக்காக நடந்தால் பத்துத்தூண் சந்து. நாயக்கர் அரண்மனையின் மிச்சமான பெரும் தூண்கள் ஜவுளிக் கடைகளுக்கு நடுவே நிற்கின்றன. அங்கிருந்து சற்று தூரத்தில், 1636-ல் கட்டப்பட்ட திருமலை நாயக்கர் மகால்.

கவனிக்க: கோயில் நடை மதியம் சாத்தப்படும். கைபேசிக்கு உள்ளே அனுமதி இல்லை. சித்திரை வீதிகளில் வாகனம் இல்லாததால் நிம்மதியாக நடக்கலாம். மாசி வீதிக்கு வந்துவிட்டால் நடைமேடை கடைகளுக்கு, சாலை வண்டிகளுக்கு. நடப்பவர்கள் இடையில் புகுந்துதான் போக வேண்டும்.

பாதை 2: திருப்பரங்குன்றம் அடிவாரச் சுற்று

எங்கே இறங்குவது: திருப்பரங்குன்றம் பேருந்து நிறுத்தம். பாசஞ்சர் ரயில் நிற்கும் ரயில் நிலையமும் உண்டு.
நேரம்: மலையைச் சுற்றி வர ஏறக்குறைய ஒரு மணி நேரம்.
கடினம்: இல்லை. நல்ல சாலை.

மதுரை மையத்தில் இருந்து சுமார் 8 கி.மீ. இதுதான் பஸ் வசதியில் முதலிடம். நின்று காத்திருக்கவே தேவையில்லை, ஒன்று போனால் இன்னொன்று வரும். முருகனின் அறுபடை வீடுகளில் முதலாவதாகச் சொல்லப்படும் கோயிலின் கருவறைப் பகுதி, மலையைக் குடைந்து செய்யப்பட்டது. கி.பி. 773-ஐச் சேர்ந்த பாண்டியர் காலக் கல்வெட்டு அங்கே இருக்கிறது.

பெரும்பாலானோர் கோயிலோடு திரும்பிவிடுகிறார்கள். கிரிவலப் பாதையில் மலையின் தென்புறம் போனால், தென்பரங்குன்றம் என்ற இன்னொரு குடைவரை வரும். உமையாண்டார் கோயில் என்று பெயர். முதலில் சமணக் குகையாக இருந்தது, 13-ஆம் நூற்றாண்டில் சிவன் கோயிலாக மாற்றப்பட்டது என்பது தொல்லியல் அறிஞர்களின் கருத்து. மலையின் மேற்குச் சரிவில் தமிழ் பிராமிக் கல்வெட்டுடன் சமணப் படுக்கைகள், உச்சியில் சிக்கந்தர் தர்கா. ஒரே பாறையில் இத்தனை நம்பிக்கைகளின் தடம் இருப்பதுதான் இந்த மலையின் தனித்தன்மை.

கவனிக்க: மலை உச்சியில் தீபம் ஏற்றுவது குறித்த சர்ச்சை நீதிமன்றம் வரை போனதால், மேலே ஏறுவதற்குக் காவல்துறை அவ்வப்போது கட்டுப்பாடு விதிக்கிறது. அன்றைய நிலவரத்தை விசாரித்துக்கொள்ள வேண்டும். அடிவாரச் சுற்றை மட்டும் திட்டமிட்டால் ஏமாற்றம் இருக்காது. கிருத்திகை, பௌர்ணமி நாட்களில் கூட்டம் அதிகம்.

பாதை 3: யானைமலை அடிவாரம், நரசிங்கம்

எங்கே இறங்குவது: மேலூர் சாலையில் ஒத்தக்கடை. மாட்டுத்தாவணியில் இருந்து மேலூர் போகும் டவுன் பஸ்கள் எல்லாம் ஒத்தக்கடை வழிதான்.
தூரம்: ஒத்தக்கடையில் இருந்து நரசிங்கம் வரை சுமார் 2 கி.மீ. நடை, அல்லது ஷேர் ஆட்டோ.
கடினம்: அடிவாரம் வரை சமதளம். சிற்பங்களைப் பார்க்கச் சிறிய ஏற்றம்.

தூரத்தில் இருந்து பார்த்தால் துதிக்கை நீட்டிப் படுத்திருக்கும் யானை. சமணர்கள் மதுரையை அழிக்க ஏவிய யானை, சிவன் அம்பால் கல்லாகிப் போனது என்று திருவிளையாடல் கதை சொல்லும். அதே மலையில் சமணத் தீர்த்தங்கரர்களின் சிற்பங்கள் இருப்பது வரலாற்றின் குறும்பு.

அடிவாரத்தில் யோக நரசிங்கப் பெருமாள் குடைவரை. பாண்டிய மன்னன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன்காரி தொடங்கி, அவர் இறந்தபின் தம்பி மாறன்எயினன் முடித்தது. கி.பி. 770-ஐச் சேர்ந்த கல்வெட்டு இதைச் சொல்கிறது. பக்கத்திலேயே லாடன் கோயில் எனப்படும் முருகன் குடைவரை.

சற்று மேலே ஏறினால் சமணச் சிற்பங்கள். அவற்றின் கீழே உள்ள வட்டெழுத்துக் கல்வெட்டுகள் கவனிக்க வேண்டியவை. சிற்பத்தைச் செய்வித்தவர் யார் என்பதோடு, அதைப் பாதுகாக்கும் பொறுப்பு ஊர்ச்சபையார் உள்ளிட்ட யாரிடம் ஒப்படைக்கப்பட்டது என்பதையும் அவை பதிவு செய்கின்றன. பாதுகாப்பு என்ற பொறுப்பை 1,000 ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

கவனிக்க: மலையின் உச்சிக்கு ஏறுவது எளிய நடை அல்ல. வழி தெரியாமல் முயற்சிக்க வேண்டாம்.

பாதை 4: கீழக்குயில்குடி சமணர் மலை

எங்கே இறங்குவது: கீழக்குயில்குடி. பெரியார் பேருந்து நிலையத்தில் இருந்து டவுன் பஸ் உண்டு. தேனி சாலையில் நாகமலை புதுக்கோட்டையில் இறங்கி ஆட்டோ பிடிப்பவர்களும் இருக்கிறார்கள்.
நேரம்: இரண்டு இடங்களையும் பார்க்க 2 முதல் 3 மணி நேரம்.
கடினம்: நடுத்தரம். படிகள் வெட்டப்பட்டிருக்கின்றன.

ஒரு தாமரைக் குளம், பெரிய ஆலமரங்கள், அய்யனார் கோயில், அதற்குப் பின்னால் மலை. மதுரையில் 'குடும்பத்தோட ஒரு நாள் போய்ட்டு வரலாம்' என்று யாராவது கேட்டால் முதலில் சொல்ல வேண்டிய இடம் இது. படியேறிப் போனால் பேச்சிப்பள்ளம். சுனைக்கு அருகே பாறையில் மகாவீரர், பார்சுவநாதர், பாகுபலி என்று வரிசையாகச் சிற்பங்கள். கீழே 9, 10-ஆம் நூற்றாண்டு வட்டெழுத்து. மலையின் மறுபக்கம் செட்டிப்புடவு. குகையின் வெளியே பெரிய மகாவீரர், உள்ளே சிங்கத்தின் மேல் அமர்ந்து போரிடும் இயக்கி. இன்றைய விருதுநகர் மாவட்டத்துக் குரண்டியில் இருந்த சமணப் பள்ளியின் பெயர் இங்குள்ள கல்வெட்டுகளில் வருகிறது. மலை மேல் ஒரு கன்னடக் கல்வெட்டும் உண்டு. அந்தக் காலத்தில் எவ்வளவு தூரத்தில் இருந்து நடந்து வந்திருப்பார்கள் என்பதற்கு அது சாட்சி.

கவனிக்க: அய்யனார் கோயில் எல்லையில் ஊர் வழக்கங்களை மதித்து நடப்பது அவசியம். மழை பெய்த மறுநாள் பாறை வழுக்கும்.

பாதை 5: அரிட்டாபட்டி

எங்கே இறங்குவது: மாட்டுத்தாவணியில் இருந்து மேலூர் பஸ், அங்கிருந்து உள்ளூர் பஸ் அல்லது ஆட்டோ.
நேரம்: போய் வர அரை நாள்.
கடினம்: நடை எளிது, போய்ச் சேர்வதுதான் கடினம்.

ஊரை ஒட்டிய மலையின் ஒரு பக்கம் பாண்டியர் காலச் சிவன் குடைவரை. உள்ளே பிள்ளையாரும், தமிழ்நாட்டில் அரிதாகக் காணப்படும் லகுலீசர் சிற்பமும் இருக்கின்றன. மறுபக்கம் சமணப் படுக்கைகள், தமிழ் பிராமிக் கல்வெட்டு, மகாவீரர் சிற்பம். இடையில் ஆனைகொண்டான் கண்மாய். மழைக்குப் பிறகு கண்மாய் நிரம்பியிருக்கும்போது போனால் பறவைகளைப் பார்க்கவே நேரம் போதாது.

பக்கத்து மீனாட்சிபுரம் மலையில்தான் புகழ்பெற்ற மாங்குளம் கல்வெட்டுகள் உள்ளன. 1882-ல் ராபர்ட் சீவல் கவனத்துக்குக் கொண்டுவந்தார். அதில் இருப்பது பாண்டியன் நெடுஞ்செழியனின் பெயர் என்பதை 1960-களில் ஐராவதம் மகாதேவன் வாசித்துக் காட்டினார். அந்த ஏற்றம் சற்றுக் கடினம் என்பதால், இந்த நான்கையும் நடந்து பழகியவர்கள் உள்ளூர் ஆள் துணையோடு போகலாம்.

மலையே வேண்டாம் என்பவர்களுக்கு?

கீழடி இருக்கிறது. மதுரையில் இருந்து தென்கிழக்கே சுமார் 12 கி.மீ. டவுன் பஸ் உண்டு. ரயிலில் வருவதாக இருந்தால் ராமேஸ்வரம் பாதையில் சிலைமான் நிலையத்தில் இறங்கி ஆட்டோவில் போகலாம். 2023 மார்ச் 5 அன்று திறக்கப்பட்ட அருங்காட்சியகமும், தென்னந்தோப்புகளுக்கு நடுவே உள்ள அகழாய்வுப் பகுதியும் சமதள நடைக்கு ஏற்றவை. முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் இதுவே பொருத்தம்.

உண்மையான சிக்கல் எங்கே?

மேலே உள்ள பட்டியலைக் கவனித்தால் ஒரு விஷயம் தெரியும். திருப்பரங்குன்றத்துக்கு நிமிஷத்துக்கு ஒரு பஸ் போலப் போகிறது. அரிட்டாபட்டிக்குப் போக இரண்டு, மூன்று வண்டி மாற வேண்டும். கூட்டம் வரும் இடத்துக்குப் பஸ் போகும், பஸ் போகும் இடத்துக்குத்தான் கூட்டம் வரும். இந்தச் சுழலில் சின்ன ஊர்கள் வெளியே நிற்கின்றன.

கிராமத்து டவுன் பஸ்களின் நேரம் அந்த ஊர் மக்களுக்காக வகுக்கப்பட்டது. காலையில் பள்ளிக்கூடம், வேலை, சந்தை, மாலையில் வீடு. அது சரியானதும்கூட. ஆனால் காலையில் ஊருக்குள் வந்து, வெயில் ஏறும் முன் 10 மணிக்குத் திரும்ப நினைக்கும் ஒருவருக்கு அந்த நேரம் பொருந்தாது. கார் உள்ளவர்களுக்கு இது பிரச்சினையே இல்லை. பிரச்சினை யாருக்கு என்றால், மாணவர்களுக்கு, ஓய்வூதியர்களுக்கு, கைக்குழந்தையோடு வரும் பெண்களுக்கு.

2021 மே மாதத்தில் இருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 'விடியல் பயணம்' என்று இப்போது அழைக்கப்படும் இந்தத் திட்டம், வேலைக்குப் போகிற பெண்களின் செலவைக் குறைத்தது பற்றி நிறையப் பேசப்பட்டிருக்கிறது. அதிகம் பேசப்படாத பக்கம் ஒன்று உண்டு. ஓய்வுக்காக, ஊர் பார்க்க, சும்மா ஒரு மலையடிவாரத்தில் உட்கார்ந்துவிட்டு வர ஒரு பெண்ணுக்கு ஆகும் பஸ் செலவும் இப்போது பூஜ்யம். ஆனால் இறங்கிய பிறகு கழிப்பறை இருக்கிறதா, நிழற்குடை இருக்கிறதா, திரும்பும் பஸ் எப்போது என்ற பலகை இருக்கிறதா? டிக்கெட் இலவசமானால் மட்டும் பயணம் எளிதாகிவிடாது.

மெட்ரோ வந்தால் சரியாகிவிடுமா? திருமங்கலம் முதல் ஒத்தக்கடை வரை சுமார் 32 கி.மீ.க்குத் திட்டமிடப்பட்ட மதுரை மெட்ரோவின் அறிக்கையை, மக்கள்தொகை அளவுகோலைச் சுட்டிக்காட்டி 2025 நவம்பரில் மத்திய அரசு திருப்பி அனுப்பியது. அது வந்தாலும் ஒத்தக்கடையோடு நின்றுவிடும். அடுத்த 2 கி.மீ.தான் நரசிங்கம். மெட்ரோவை விட, அந்த 2 கி.மீ.க்கு ஒழுங்கான நடைபாதையும் விளக்கும்தான் உடனடித் தேவை.

அதிகம் பேர் வந்தால் மலை கெட்டுப்போகாதா?

நியாயமான கேள்வி. சமணப் படுக்கைகளின் மேல் பெயர் செதுக்குவது, சிற்பங்களின் மேல் பெயின்ட் அடிப்பது, பாறை இடுக்கில் உடைந்த பாட்டில்கள் என்று எல்லா மலையிலும் இந்தக் காட்சி உண்டு. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சிதைத்தால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று சட்டம் சொல்கிறது. சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி, அடுத்த 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. ஆனால் சட்டத்தை அமல்படுத்த ஒவ்வொரு பாறைக்கும் ஒரு காவலரை நிறுத்த முடியாது.

பல்லுயிர் தலம் என்ற அறிவிப்புக்கும் ஓர் எல்லை உண்டு. அது 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர் சட்டப்படி தரப்படும் அங்கீகாரம். அரிட்டாபட்டியில் அந்த அங்கீகாரம் இருந்தும் ஏலப் பட்டியலில் இடம் பிடித்தது என்பதே, காகிதப் பாதுகாப்பு மட்டும் போதாது என்பதற்கு உதாரணம்.

ஆகவே கேள்வி, ஆள் வரலாமா கூடாதா என்பதல்ல. எப்படி வரும் ஆள் என்பதே. நான்கு கார்களில் வந்து, ஸ்பீக்கர் வைத்து, இலையைப் போட்டுவிட்டுப் போகும் கூட்டம் ஒரு வகை. பஸ்ஸில் இறங்கி, டீக்கடையில் வழி கேட்டு, ஊர்க்காரர் ஒருவரோடு பேசிக்கொண்டே நடந்து போகிறவர் இன்னொரு வகை. இரண்டாமவர் வந்தால் டீக்கடைக்கும் வியாபாரம், மலைக்கும் ஒரு கண்.

என்ன செய்யலாம்?

பெரிய பட்ஜெட் தேவையில்லாத சில விஷயங்கள் இருக்கின்றன.

* சனி, ஞாயிறு காலைகளில் மட்டுமாவது, மேலூரில் இருந்து அரிட்டாபட்டி வழியாகவும் ஒத்தக்கடையில் இருந்து நரசிங்கத்துக்கும் நேரம் குறிப்பிட்ட நடைகளை இயக்கலாம். 2025 ஜூனில் தொடங்கப்பட்ட புதிய மினி பஸ் திட்டம், பஸ் இல்லாத ஊர்களை இணைப்பதற்காகவே வந்தது. அதில் இந்த மலையடிவார ஊர்களுக்கு முன்னுரிமை கேட்பதில் தவறில்லை.
* ஒவ்வொரு மலையடிவாரத்திலும் தொல்லியல் துறையின் நீலப் பலகை இருக்கிறது. அது சட்டத்தைச் சொல்கிறது. பக்கத்தில், எந்தப் பாதை எவ்வளவு தூரம், எங்கே வழுக்கும், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று தமிழில் ஒரு பலகை வைத்தால் போதும்.
* உள்ளூர் இளைஞர்களுக்குக் கல்வெட்டு, பறவைகள் குறித்துப் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக்கலாம். வருமானம் ஊருக்குள் வந்தால், காவலும் ஊருக்குள்ளேயே இருக்கும்.
* கழிப்பறையும் குடிநீரும். இதற்கு விளக்கம் தேவையில்லை.

நடக்கப் போகிறவர்கள் மறக்கக் கூடாதவை

* டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சிறந்த காலம். ஏப்ரல், மே மாதங்களில் பாறை அடுப்பு மாதிரி சுடும். எந்த மாதமானாலும் காலை 6 மணிக்குத் தொடங்கி 10 மணிக்குள் இறங்கிவிடுவது நல்லது.
* ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர். சுனை நீரில் கை, கால் கழுவ வேண்டாம். அது பறவைக்கும் விலங்குக்கும் ஊருக்கும் பொதுவானது.
* கல்வெட்டின் மேல் சாக்பீஸ், மாவு எதையும் பூசக் கூடாது. படம் தெளிவாக வர வேண்டுமென்றால் காலை வெயில் சாய்வாக விழும்போது எடுத்தால் போதும்.
* சில மலைகள் ஊரின் வழிபாட்டு இடங்கள். செருப்பைக் கழற்றச் சொன்னால் கழற்றிவிட்டுப் போக வேண்டும்.
* தனியாகப் போவதைத் தவிர்க்கலாம். கைபேசி சிக்னல் எல்லா இடத்திலும் கிடைக்காது.

அடுத்து என்ன?

டங்ஸ்டன் ஏலம் ரத்தாகிவிட்டது. பூமிக்கு அடியில் கனிமம் அப்படியேதான் இருக்கிறது. அதன் தேவை உலகச் சந்தையில் குறையப் போவதில்லை. இன்னொரு பெயரில், இன்னொரு எல்லைக்கோட்டோடு திட்டம் திரும்பி வராது என்று யாரும் உறுதி சொல்லிவிட முடியாது என்பதுதான் மேலூர் வட்டாரத்தில் இன்னமும் இருக்கும் கவலை.

யானைமலைக் கல்வெட்டுகள் சிற்பங்களை ஊரார் பொறுப்பில் விட்டுச் சென்றன. அந்தப் பொறுப்பை 2025 ஜனவரியில் மேலூர் சாலையில் நடந்தவர்கள் ஒருமுறை நிறைவேற்றிக் காட்டினார்கள். அதே சாலையில் தினமும் டவுன் பஸ் ஓடுகிறது. அதில் ஏறி ஒத்தக்கடையிலோ மேலூரிலோ இறங்கி, ஒரு காலை நேரம் நடந்துவிட்டுத் திரும்புகிற ஒவ்வொருவரும் அந்த மலைக்குக் கூடுதலாக ஒரு சாட்சி. அடுத்த முறை வரைபடத்தில் கோடு போடுகிறவர்களிடம் 'அங்கே ஒன்றும் இல்லை' என்று யாரும் சொல்லிவிடாமல் தடுக்க, அப்படிப்பட்ட சாட்சிகள் நிறைய வேண்டும்.